நாலு அங்குலம் கூடிய கயாக்

என் வயதுக்காரர்களே, நாம் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு முழங்காலில் தொடங்கிக் கொலஸ்ட்ராலில் முடிகிறது. நடுவில் யாராவது ஒருவர், சின்ன வயதில் தனக்குக் கிடைக்காமல் போன ஏதோவொன்றை எடுத்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார். ஒருவருக்குச் சைக்கிள், இன்னொருவருக்குப் பியானோ வகுப்பு. எனக்கு ஒரு படகு. சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நான் இதை இன்றைக்கு முழுசாகச் சொல்லப்போகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. டோர்வலில், விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு மேல்மாடி வீடு. விமானம் இறங்கும்போதெல்லாம் அலமாரியில் கிளாசுகள் கிலுகிலுக்கும். அப்பாவுக்கு விமானத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. அம்மாவுக்கு உடுப்புத் தொழிற்சாலையில் தையல் வேலை. எனக்கும் ஒரு வேலை இருந்தது, சம்பளமில்லாத வேலை. மொழிபெயர்ப்பு. பள்ளிக்கூடத்துக் கடிதம், வீட்டுக்காரரின் கடிதம், வைத்தியர் கேட்கிற கேள்வி, எல்லாம் என் வாய்வழியாகத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். இந்தப் பதவியை நான் எவ்வளவு கேவலமாகப் பயன்படுத்தினேன் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அதைத்தானே செய்தீர்கள்!

பள்ளிக்கூடம் முடிகிற வாரத்தில் பிரெஞ்சில் ஒரு தாள் வந்தது. கோடை விடுமுறையில் எட்டு ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரையில் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு. வடக்கே பனிக்கடல் ஓரத்தில் வாழ்கிற இனுயிட் மக்களின் முறைப்படி கயாக் கட்டவும் ஓட்டவும் சொல்லித்தருவார்கள். ஆளுக்கொரு கயாக், கட்டினவர்களே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கடைசி ஞாயிறு அவரவர் கயாக்கில் ஏறி, ஏரிக்குள் மிதக்கிற செம்மஞ்சள் மிதவையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். தாளில் ஒரு படமும் இருந்தது. ஒல்லியான நீண்ட படகு, நடுவில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் இடுப்புவரை ஒரு ஆள். அந்தப் படத்தைப் பார்த்த நிமிடமே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் எனக்கென்று தனியாக உட்கார ஒரு கதிரைகூட இல்லை. இது எனக்கு மட்டும் என்று ஒரு படகு!

"இது கட்டாயமாம்," என்று அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன்.

"கட்டாயமோ? படகு ஓட்டுறதோ?"

"ஓம் அப்பா. போகாட்டி மாக்ஸ் குறைப்பினமாம்."

மாக்ஸ் என்ற சொல்லுக்கு அப்பா எப்போதும் பயந்தவர். உடனே பேனாவை எடுத்தார். பெற்றோரில் ஒருவர் கரையில் நிற்கவேண்டும் என்று கீழே போட்டிருந்தது. அப்பாவுக்கு ஞாயிறும் வேலை.

"அப்ப அம்மா வாறா எண்டு எழுது பிள்ளை. அவவுக்குத் தண்ணியெண்டாப் பயம், அதையும் எழுதிவிடு. இல்லாட்டி பேந்து இவங்கள் அவவையும் பிடிச்சு இறக்கிப்போடுவாங்கள்."

அம்மா அடுப்படியில் போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஊர்ச்சனம் கூடிப் பிக்னிக் போனால், எல்லோரும் ஏரிக்குள் இறங்க, எல்லோருடைய செருப்புகளுக்கும் சோற்றுச் சட்டிகளுக்கும் காவல் இருப்பவர் அம்மாதான். "என் அம்மா தண்ணீருக்குப் பயந்தவர்" என்று பிரெஞ்சில் அழகாக எழுதிக் கொடுத்தேன்.

முதல் ஞாயிறு. வகுப்பு நடத்தியவர் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும் ஒரு இனுயிட் பெண். வடக்கே தூரத்துத் தீவொன்றிலிருந்து மொன்றியலுக்குப் படிக்க வந்தவர். குட்டையான, உருண்டையான, எந்நேரமும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற முகம். மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா வாயில் சுண்டிவிடுவார். ஆகையால் நான் "அக்கா" என்று கூப்பிட்டேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது.

துடுப்பை நீட்டினார். "அக்கா, இதை எப்படிப் பிடிக்கிறது?" என்றேன். துடுப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டார். லைஃப் ஜாக்கெட்டை நீட்டினார். "அக்கா, இது இறுக்கமாயிருக்கு" என்றேன். அதையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "பிள்ளை, நீ எதற்குத்தான் இங்கே வந்தாய்? எதைக் கொடுத்தாலும் வேண்டாம் வேண்டாம் என்கிறாய்?"

அவருடைய மொழியில் 'ஆக்கா' என்றால் 'இல்லை', 'வேண்டாம்' என்று அர்த்தமாம். நான் விளக்கினதும் அவர் கரையில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு அவரைக் கூப்பிட வேறு பேர் கிடைக்கவில்லை. எட்டு வாரமும் நாங்கள் அவரை 'வேண்டாம்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே எல்லாம் கற்றுக்கொண்டோம்.

இன்னொன்றும் இருந்தது. அவர் 'ஆம்' என்பதை வாயால் சொல்லமாட்டார். இரண்டு புருவத்தையும் மேலே தூக்குவார், அவ்வளவுதான். அவர்கள் ஊரில் அதுதான் 'ஆம்'. நமக்கோ புருவத்தைத் தூக்கினால் 'என்ன?' என்று அர்த்தம். "அக்கா, தண்ணீர் குடிக்கலாமா?" என்று கேட்பேன். புருவம் தூக்குவார். கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் உரக்கக் கேட்பேன். இன்னும் உயரத் தூக்குவார். முதல் நாள் நான் தாகத்தில் செத்துப்போயிருப்பேன்.

அன்றைக்கே அவர் தன் கயாக்கில் ஏறித் தலைகீழாக உருண்டு காட்டினார். இருந்த ஆளைக் காணவில்லை. படகின் அடிப்பக்கம் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதக்கிறது. கரையில் பிளாஸ்குடன் இருந்த அம்மா எழுந்துவிட்டார். "ஐயோ, பெட்டை எங்கை?" என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, மறுபக்கத்தால் அக்கா மேலே வந்து, தலையைச் சிலுப்பிக்கொண்டு சிரித்தார். குளிர்ந்த கடலில் கவிழ்ந்தால் இப்படி நிமிரத் தெரியவேண்டும், இல்லாவிட்டால் ஆள் முடிந்தது என்றார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா திரும்ப உட்காரவில்லை. வகுப்பு முடியும்வரை நின்றுகொண்டேயிருந்தார். பயத்தில் என்று நினைத்தேன்.

வகுப்பில் எங்களைத் தவிர இன்னொரு தமிழ்க் குடும்பமும் இருந்தது. கர்க்லாண்டிலிருந்து ஒரு டாக்டர் மாமி தன் மகளைக் கூட்டிவருவார். தமிழ்நாட்டுக்காரர். டாக்டர் அவருடைய கணவர்தான், ஆனால் மருந்தெல்லாம் மாமிதான் சொல்லுவார். யார் தும்மினாலும் பையிலிருந்து ஒரு மாத்திரை வெளியே வரும்.

அடுத்த வாரம் அளவெடுப்பு. கயாக்குக்கு அளவு நாடா கிடையாது, ஓட்டுகிறவரின் உடம்புதான் நாடா என்றார் அக்கா. கையிரண்டையும் விரித்தால் எவ்வளவோ அதைப்போல் மூன்று மடங்கு நீளம். இடுப்போடு பொத்திய கை இரண்டைச் சேர்த்தால் அகலம். ஒருவருடைய கயாக் இன்னொருவருக்கு ஆகாது. கயாக்கில் ஏறுவது கிடையாது, அதை உடுத்திக்கொள்வது என்றார். இதை மொழிபெயர்த்ததும் அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். உடுத்திக்கொள்வது என்றால் அது அம்மாவின் துறையல்லவா!

"அளவு நான் எடுக்கிறன் எண்டு சொல்லு. வீட்டை வைச்சு வடிவா எடுத்துக்கொண்டு வாறன்."

வீட்டில் என்னைக் கைவிரித்து நிற்கவைத்து, சுற்றிச் சுற்றி வந்து, ஒரு துண்டில் எழுதினார். அடுத்த ஞாயிறு அந்த இலக்கங்களைப் பார்த்த அக்கா, இடுப்பகலம் பிள்ளைக்கு நாலு அங்குலம் கூடவில்லையா என்று கேட்டார்.

"வளர்ற பிள்ளை எண்டு சொல்லு," என்றார் அம்மா.

எனக்கு மானம் போயிற்று. உங்களுக்குத் தெரியும் இந்த வளர்ற பிள்ளையின் கதை. குளிர் ஜாக்கெட் முழங்காலைத் தாண்டும். சப்பாத்தின் முனையில் பஞ்சு இருக்கும். பள்ளிக்கூடத்துக் காற்சட்டையை நாலு மடிப்பு மடித்துத் தைத்து, வருடத்துக்கு ஒரு மடிப்பாக அவிழ்த்துவிடுவார்கள். இப்போது படகுக்கும் மடிப்பு வைக்கிறார்கள்! ஆனால் மொழிபெயர்த்தேன், வேறு வழியில்லை. அக்கா அம்மாவை ஒரு தரம் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு மரத்தை வெட்டத் தொடங்கினார்.

அந்த வாரங்களின் வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஈர மரம், ஏரிப் பாசி, துணிக்குப் பூசுகிற பிசின். வளைக்கவேண்டிய சட்டங்களை ஒரு நீளப் பெட்டிக்குள் வைத்து ஆவியில் அவிப்போம். புட்டுக் குழலைப்போல் பெட்டியின் இரண்டு முனையிலும் ஆவி புஸ்ஸென்று வரும். வெளியே எடுத்த கையோடு வளைக்கவேண்டும், பிந்தினால் முறிந்துவிடும். நான் ஆறு முறித்தேன். ஆணி கிடையாது, எல்லாம் கயிற்றுக் கட்டு.

பிறகு தோல் தைப்பது. அக்காவின் ஊரில் சீல் என்கிற கடல் விலங்கின் தோல், எங்களுக்குத் தடித்த கான்வஸ் துணி. ஊசி உட்பக்கத்தோடு நிற்கவேண்டும், வெளிப்பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் தண்ணீர் உள்ளே வரும். மற்றப் பெற்றோர்கள் விரலைக் குத்திக்கொண்டு இரத்தம் உறிஞ்சிக்கொண்டிருக்க, அம்மா எங்கள் கயாக்கை ஒரே பின்னேரத்தில் பாதி தைத்துவிட்டார். அக்கா பெருவிரலால் தையலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார், தன் அம்மாவும் இப்படித்தான் தைப்பார், ஊரிலே எத்தனையோ கயாக்குக்குத் தோல் தைத்திருக்கிறார், ஒன்றிலும் ஏறினதில்லை. அந்தக் காலத்தில் தைப்பது பெண்கள், ஏறிப்போவது ஆண்கள்.

அம்மாவின் ஊசி நின்றது. "ஏனாம் ஏறேல்லை?"

கேட்டேன். அக்கா தோளைக் குலுக்கினார். யாரும் ஏறச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லையாம்.

"ம்," என்றார் அம்மா. நூலைப் பல்லால் கடித்துவிட்டு அடுத்த தையலைத் தொடங்கினார்.

அந்த வாரங்களில் அம்மா வீட்டில் நிலத்தில் காலை நீட்டி இருந்துகொண்டு, விளக்குமாற்றுத் தடியை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டுவார். "முதுகுப் பிடிப்பு, அதுக்கு எக்சசைஸ்," என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தைலம் வாங்கிவந்து கொடுத்தார். பாவம் அப்பா.

கடைசி ஞாயிறும் வந்தது. நல்ல வெயில், ஏரி பளபளவென்று கிடந்தது. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லோரிடமும் நான் மிதவையைச் சுற்றப்போகிறேன் என்று பீற்றியிருந்தேன். அப்பா எனக்காக அன்றைக்கு வேலைநேரத்தை மாற்றி, கமரா இரவல் வாங்கி, பிறகு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அம்மாவோ அந்த வெயிலில் சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை போட்டுக் கழுத்துவரை பொத்தான் பூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

டாக்டர் மாமி அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஜுரமெல்லாம் இல்லையே? இந்த வெயில்ல எதுக்கு ஸ்வெட்டர்?"

"குளிருது," என்றார் அம்மா. மாமி பையிலிருந்து மாத்திரை எடுத்தார்.

நான் என் கயாக்குக்குள் இறங்கினேன். அதை எப்படிச் சொல்வது! அண்டாவுக்குள் போட்ட ஒற்றைக் கத்தரிக்காய் மாதிரி இருந்தேன். இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம் வழுக்கிப் போகிறேன், வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம். முழங்காலால் உட்பக்கத்தை அழுத்திப் பிடித்தால்தான் உருண்டு நிமிரலாம். என் முழங்காலுக்கு உட்பக்கம் எட்டவேயில்லை.

அக்கா படகை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "ஆக்கா," என்றார். இந்தத் தடவை அது அசல் ஆக்கா.

"ஒரு தலகாணி வெச்சா சரியாயிடும்மா," என்றார் மாமி. கவிழ்ந்தால் தலையணை ஒரு பக்கம் போகும், பிள்ளை ஒரு பக்கம் போகும், பொருந்தாத கயாக்கில் யாரையும் விடமாட்டேன் என்றார் அக்கா. மாமியின் மகள் எனக்கு முன்னாலேயே மிதவையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். நான் கரையில் விழுந்து புரண்டு அழுதேன். பதினொரு வயதில் அப்படி அழுவது வெட்கம் என்று எனக்குத் தெரியும், இருந்தும் அழுதேன். "நாலு இஞ்சி கூட்டி எழுதிப்போட்டீங்கள்! எல்லாம் உங்களாலதான்!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

அம்மா என்னைத் தேற்றவில்லை. கைப்பையை என் மடியில் வைத்தார். "தையல் ஒழுகுதோ எண்டு ஒருக்கா இருந்து பாக்கிறன்," என்றார். கம்பளிச் சட்டையைக் கழற்றினார். உள்ளே ரவிக்கை இல்லை, அப்பாவின் நீல டிராக்சூட் மேற்சட்டை. சேலையை அவிழ்த்து மடித்தார். உள்ளே பாவாடை இல்லை, அதே டிராக்சூட்டின் காற்சட்டை. டாக்டர் மாமி கண்ணை மூடிக்கொண்டு, பிறகு ஒரு கண்ணைத் திறந்தார்.

அம்மா கயாக்குக்குள் இறங்கினார். அளவெடுத்துத் தைத்த ரவிக்கைபோல் அது அவரைப் பிடித்துக்கொண்டது. அக்கா லைஃப் ஜாக்கெட்டைப் பூட்டி, தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி இழுத்துக் கட்டுகிற உறையையும் மாட்டிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "உருட்டட்டுமா?"

அம்மாவுக்கு அந்த ஆங்கிலச் சொல் விளங்கவில்லை. என்ன கேட்கிறாய் என்று இரண்டு புருவத்தையும் தூக்கினார்.

அக்கா உருட்டிவிட்டார்.

"ஐயோ அம்மா!" என்று நான் கத்தினேன். மாமி கடவுள்களை வரிசையாகக் கூப்பிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா கமராவுடன் கரைக்கு ஓடி வந்தார். படகு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நிமிர்ந்தது. குங்குமம் கரைந்து மூக்குவரை வழிய, கொண்டை அவிழ்ந்து முகத்தை மூட, அம்மா இருமிக்கொண்டு மேலே வந்தார்.

"ஆர் பிள்ளை அது?" என்றார் அப்பா.

"அம்மா."

"விசர்க்கதை கதையாதை. அவவுக்குத் தண்ணியெண்டாப் பயமெல்லோ." கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எட, அது என்ரை டிராக்சூட்டெல்லோ!"

அம்மா முகத்திலிருந்து மயிரை ஒதுக்கினார். எங்களைப் பார்க்கவில்லை. துடுப்பை வாங்கி, இடம், வலம், இடம், வலம் என்று போடத் தொடங்கினார். அக்கா தன் கயாக்கில் தாவி ஏறிப் பின்னால் போனார். கோணல்மாணலாக, ஒரு தரம் பின்பக்கமாகக்கூட, அம்மா மிதவைவரை போய் அதைச் சுற்றினார். நேரே திரும்பி வராமல் இன்னொரு சுற்றும் சுற்றினார். நான் கைப்பையைக் கட்டிப் பிடித்தபடி விக்கிக்கொண்டு நின்றேன். பெருமையும் வந்தது, பொல்லாத கோபமும் வந்தது. அது என் படகு.

"நல்ல காலம், ஒழுகேல்லை," என்றார் கரைக்கு வந்து. "உனக்கு வாற வருஷம் அளவு சரியா வரும்."

வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் நான் அப்பாவைப்போல் நீளக் கால்களோடு வளர்ந்தேன். அடுத்த கோடையில் என் முழங்கால் உள்ளே மடங்கவே மறுத்தது. ஒரே வருடத்தில் சின்னப் பிள்ளையிலிருந்து ஒட்டகமாகிவிட்டேன். மேல்மாடி வீட்டில் இடமில்லாமல் கயாக் டாக்டர் மாமியின் கராஜில் கிடந்தது. கோடை ஞாயிறுகளில் அம்மா பஸ் எடுத்துப் போய், மாமியின் காரின் மேலே அதைக் கட்டுவித்து ஏரிக்குப் போய்வருவார். பிள்ளைக்காகப் பதப்படுத்தி வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒன்பது வருடம் போனார். பிறகு மாமி குடும்பம் அமெரிக்காவுக்குப் போக, அந்தக் கலாட்டாவில் கயாக்கும் எங்கோ போயிற்று. ஒரு படம்கூட இல்லை. அப்பா அன்று கமராவின் மூடியைக் கழற்ற மறந்துவிட்டார்.

போன வருடம் புவாண்ட்-கிளேரில் ஒரு கடைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பேத்திக்குக் குளிர் ஜாக்கெட் பார்க்கிறார். ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணாலேயே பார்த்து, "இது ஒண்டரை இஞ்சி கூட," என்று திரும்ப மாட்டினார். எழுபத்தெட்டு வயது. கடை நாடாவால் அளந்து, எழுதிக்கொண்டு வந்த பேத்தியின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றரை இஞ்சிதான். இப்படி அளக்கிறவருக்கு நாலு இஞ்சி கூடுமா? கடைக்கு நடுவிலேயே கேட்டேன்.

"அம்மா, அந்தக் கயாக். என்னை அளந்தபோது நாலு இஞ்சி எப்படிக் கூடினது?"

"கூடேல்லையே. சரியாத்தான் எடுத்தனான்." அடுத்த ஜாக்கெட்டின் உட்தையலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன்னை நிப்பாட்டி வைச்சுக்கொண்டு என்னை அளந்தனான்."

நான் வாயைப் பிளந்தேன். "உங்களுக்குத் தண்ணியெண்டாப் பயமெல்லோ?"

"நான் எப்ப சொன்னனான்? உன்ரை கொப்பர் எழுதச் சொன்னவர். நீ எழுதினனி."

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். நாற்பது வருடமாகப் பொத்தி வைத்திருந்த கோபம், வசதியாகக் கையில் இருந்தது. ஆனால் வெட்கம்தான் வந்தது. "எனக்கு ஒண்டு வேணும் எண்டு வாய்திறந்து கேட்டிருக்கலாமே அம்மா," என்றேன்.

அம்மா ஜாக்கெட்டை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டிருந்தால், நீயும் கொப்பரும் என்ன செய்திருப்பியள்?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

"சிரிச்சிருப்பம்," என்றேன்.

"அதுதான்," என்றார் அம்மா.